பிளம் பெட்டி

அவரால்தான் எனக்கு வேலை போனது. ஆனாலும் அவர்மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபமும் இல்லை.

ரெய்னர்ஸ் லேனில் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை. முதலாளி யாழ்ப்பாணத்து ஆள், நான் கோப்பை கழுவுபவன், அவர் சமையல்காரர். சீனர், ஒல்லி, புருவமே இல்லாத முகம். யார் பேசினாலும் கையிலிருக்கும் கத்தியைப் பார்த்தே பதில் சொல்வார்.

ஜப்பானிய வழக்கப்படி சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு மரங்களின் பெயர். பைன் முதல் தரம், அடுத்தது மூங்கில், பிளம் கடைசி, விலையும் அதற்கே குறைவு. மூடியில் அந்தந்த மரத்துக்குரிய ஜப்பானிய எழுத்து இருக்கும். ஒருநாள் முதலாளி தன் மைத்துனருக்கு எங்களைக் காட்டி, "இவை ரெண்டு பேரும் என்ர பிளம் பெட்டியள்" என்று சொல்லிச் சிரித்தான். தமிழ் தெரியாத சமையல்காரருக்கு அந்த ஒரு சொல்லும் சிரிப்பும் போதுமாயிருந்தன.

மறுநாளிலிருந்து பைன் பெட்டிக்கான மீனெல்லாம் பிளம் பெட்டிக்குள் போனது. ஒவ்வொரு தடவையும் மூடியிலிருந்த எழுத்தைக் கட்டைவிரலால் பளிச்சென்று தெரியத் துடைத்துவிட்டே அனுப்புவார். சனம் பிளம் மட்டுமே கேட்டது. சமையலறையை எட்டியும் பாராத முதலாளி, நட்டம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் முழிபிதுங்கினான்.

"ஏன் அண்ணை இப்பிடி?" என்று கேட்டேன்.

"நாங்களும் இதே எழுத்தைத்தான் எழுதுறம். எங்கட ஊரில அது பனிக்குள்ள பூக்கிற பூ. என்ர அம்மாவின்ர பேர்," என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "கடை பூட்டினால் உனக்கும் வேலை இல்லை."

"ஓம் அண்ணை, தெரியும்," என்றேன். "இன்னொரு துண்டு மீன் வையுங்கோ."