கதவின் மேல் வாசித்த வில்ஃப்

எங்கள் ஐவர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த வில்ஃப் தர்குட்டுக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, மற்றதும் பாதிதான். பதினைந்து வயதிலிருந்து இங்கிலாந்துக் கரையில் எங்கள் ஊரான லீயின் படகுத்துறையில், சிப்பிப் படகில் வேலை. எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று போன காது.

நான் பாஸ் கிட்டார். நாங்கள் வழக்கமாக வாசிக்கும் ஊர்ப் பப்பின் மரத்தரையில் என் கிட்டார் அதிர்வது அவன் பாதம் வழியே ஏறும். அதைப் பிடித்துக்கொண்டு, சேற்றுவெளியில் கடல்நீர் ஏறுவதைக் காலால் உணர்பவன்போல, கண்மூடி வாசிப்பான்.

1975 மார்ச்சில் எங்கள் முதல் ஆல்பத்துக்காக லண்டன் போனோம். ஸ்டூடியோவில் கான்கிரீட் தரை, மேலே தடித்த கம்பளம். ஹெட்ஃபோனில் அவனுக்கு வெறும் இரைச்சல். மூன்றாம் முறையும் தாளம் நழுவியதும், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒலிப்பதிவாளர் கேட்டார்: "வேற ஆள வரச் சொல்லவா? அரை மணி நேரத்துல வந்துருவான்."

வில்ஃப் குச்சிகளைப் பைக்குள் வைத்தான். "அவர் சொல்றது சரிதான். நீங்க நடத்துங்கப்பா."

எங்கள் பாடகி யூனிஸ் அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள். "உக்காருடா மரமண்டை! உனக்கு மரத்தரைதான வேணும்?"

பப்புக்குப் போன் போட்டாள். மதியத்துக்குள் முதலாளி சிட் தன் வேனில் வந்து இறங்கினார், பப்பின் பாதாள அறை மரக்கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு. "பீர் வேணா கொட்டுங்க, கீறல் மட்டும் போட்றாதீங்க. நாப்பது வருசத்துக் கதவு."

கம்பளத்தைச் சுருட்டிவிட்டுக் கதவைப் படுக்கப் போட்டோம். ஒரு முனையில் என் ஸ்பீக்கர், மறுமுனையில் டிரம்ஸ். வில்ஃப் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினான். நான் ஒரு கம்பியைச் சுண்டினேன். அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

அதன்பின் நடந்தது எனக்குத் தெளிவாக நினைவில்லை. சுவர்கள் விலகிப் போனதுபோலவும், நாங்கள் ஐந்து பேரும் அந்தப் பலகையில் ஏறிக் கழிமுகத்தில் மிதந்து போனதுபோலவும்தான் இருந்தது. விழித்தபோது ஏழு பாட்டு முடிந்திருந்தது. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பால் எழுந்து நின்றிருந்தார்.

ஆல்பம் ஓரளவு விற்றது. வில்ஃப் ஒரு வருடம் எங்களோடு ஊர் சுற்றிவிட்டு, கடல் இல்லாத ஊரில் தூக்கம் வரவில்லை என்று படகுக்கே திரும்பினான்.

போன வருடம் அவனைத் துறையில் சந்தித்தேன். "அந்த மூணாவது பாட்டுல யூனிஸ் என்னதாண்டா பாடினா?" என்று கேட்டான். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். படகு விளிம்பில் உட்கார்ந்து, உதடசைத்து, கடைசி வரி வரை படித்தான்.

"அடப்பாவிங்களா, புருசன் செத்த பாட்டா இது? நான் கல்யாண ஊர்வலம்னு நெனச்சில்ல வாசிச்சேன்!"