எழுந்து நிற்கும் பாட்டு

இன்று லால்குடியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரும் பஸ்ஸில், அதிசயமாக எனக்கு சீட் கிடைத்தது. டிரைவர் போட்ட பாட்டு தவிலும் உறுமியுமாகத் தூள் பறந்தது.

இரண்டாவது சரணத்தில்தான் புரிந்தது. சர்ச்சில் ஆராதனை முடிவில் எழுந்து நின்று நிதானமாகப் பாடுவோமே, பாமாலைப் புத்தகத்தில் இருக்கும் அதே பாட்டு!

போன வாரம்தான் பாடகர் குழுவில், "இதுக்கு மேளம் வெச்சா பக்தி போயிடும்" என்று சண்டை போட்டிருந்தேன்.

பழக்கதோஷம். எழுந்து நின்றுவிட்டேன்.

நான் இறங்கப்போவதாக நினைத்து, பக்கத்தில் நின்ற அக்கா என் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"இறங்கலீங்களா?"

"இல்லக்கா, இந்தப் பாட்டுக்கு நாங்க எந்திரிச்சு நிப்போம்."

"அப்படியா? பாட்டு முடியட்டும், எடம் தரேன்."

சர்ச்சில் நாலு சரணத்தோடு முடிகிற பாட்டு. இன்று பல்லவியையே திரும்பத் திரும்பப் பாடி, சத்திரம் வரை முடியவே இல்லை.

மேளம் வைத்ததால் பக்தி போகவில்லைங்க. என் சீட்டுதான் போச்சு.