தங்கை கண்டுபிடித்த செவுள் புழுவும் இரண்டு நாள் மாமல்லபுரமும்

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது ஞாயிற்றுக்கிழமை பைக் பயணங்களைப் பற்றி. எந்த ஊரில் தோசை நன்றாக இருக்கும், எந்த அருவியில் தண்ணீர் இல்லை, இந்த மாதிரி. இந்த முறை போனது ஒரு மாநாட்டுக்கு. அதுவும் ஒட்டுண்ணிகளை ஆராய்கிறவர்களின் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் மாநாடு. நான் படூரில் குடியிருந்துகொண்டு கணினியைத் தட்டிப் பிழைப்பவன். புழுக்களோடு எனக்கிருந்த உறவு சின்ன வயதில் பள்ளியில் கொடுத்த பூச்சி மாத்திரையோடு முடிந்துவிட்டது.

போனதற்குக் காரணம் என் தங்கை வசுமதி. கடல்மீன்களின் செவுளில் ஒட்டி வாழும் புழுக்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன்னால், பத்தே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் எடுத்துவைத்த புழுக்களில் ஒன்று இதுவரை யாரும் அறியாத இனம் என்று இப்போது உறுதியாகியிருக்கிறது. அவளுடைய வழிகாட்டியாக இருந்த பேராசிரியை மாசி மாதத்தில் ஒருநாள் போன் செய்தார். அந்தப் புழுவுக்கு வசுவின் பெயரையே வைக்கப்போகிறார்களாம். மாமல்லபுரத்தில் நடக்கும் மாநாட்டின் முதல் நாள் மாலை மேடையில் அறிவிப்பார்களாம். அதற்கு முன் வீட்டார் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டுமாம்.

இந்தத் துறையில் இது பெரிய மரியாதை. குருவின் பெயரை நாடாப்புழுவுக்கு வைத்துவிட்டு அவருக்கே பெருமையாகக் கடிதம் போடுகிறவர்கள் இவர்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் அப்பாவிடம் சொன்னபோதுதான் வினை வந்தது.

"எம் பொண்ணு பேரைப் போயி புழுவுக்கா வைக்கிறாங்க?" என்றார். போனை வைத்துவிட்டார். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். வசு போனதிலிருந்து அவளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவள் பெயரைச் சொன்னால் அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். மூன்று நாள் கழித்து அப்பாவே கூப்பிட்டார். "அந்தப் புழு எந்த ஊரு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சதுரங்கப்பட்டினம் என்றேன். "அப்ப முதல்ல அங்க போயிட்டு அப்புறம் போலாம்."

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு சிங்கப்பெருமாள் கோயிலில் பஸ் ஏறினோம். செங்கல்பட்டு பத்து கிலோமீட்டர். அங்கே இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். ஒன்றேகால் மணி நேரம். அப்பா வழிநெடுக ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கல்பாக்கத்தை ஒட்டியிருக்கும் சதுரங்கப்பட்டினத்தில் எல்லாரும் பழைய டச்சுக் கோட்டையைப் பார்க்கத்தான் போவார்கள், நாங்கள் நேராகக் கடற்கரைக்குப் போனோம். படகுகள் வந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த நேரம்.

வசுவின் போட்டோவைப் போனில் காட்டி நாலு பேரிடம் கேட்டேன். கூடையில் கிழங்கான் மீனைக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சட்டென்று கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள்.

"அட, நம்ம செவுள் பொண்ணு! இது ஏங்கைலதான் மீன் வாங்கும். துட்டக் குடுத்துட்டு, செவுள மட்டும் அறுத்து டப்பாவுல போட்டுகினு, மீன எனக்கே திருப்பிக் குடுத்துட்டுப் போவும். இன்னாம்மா தேடுறேன்னு கேட்டா, கிடைச்சா சொல்றேன்க்கான்னு சொல்லும். கிடைச்சிச்சா நைனா?"

கேட்டது அப்பாவிடம். அப்பா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கிடைச்சுதும்மா" என்றார்.

"எங்க கீது இப்போ? கல்யாணம் கட்டிக்கினு போயிட்ச்சா?"

நான்தான் சொன்னேன். அந்த அம்மாள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ, சின்னப் பொண்ணாச்சே நைனா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கிளம்பும்போது ஒரு கூறு மீனைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தாள். மாநாட்டுக்கு மீனோடு போக முடியாது என்று நான் மறுத்தேன். அப்பா வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து மாமல்லபுரம் பதிமூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நானூறு கேட்டார். மீன் வாடையை வைத்து இன்னும் ஐம்பது ஏற்றப் பார்த்தார். "இன்னா சார், சீட்டெல்லாம் நாறிக்கினு கீது, அடுத்த சவாரி எவன் ஏறுவான்?" என்றார். கடைசியில் மீனையே அவரிடம் கொடுத்தோம், முந்நூற்றைம்பதுக்கு ஒத்துக்கொண்டார்.

மாநாடு கடலோர விடுதி ஒன்றில். வாசலில் பெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள். அப்பாவின் அட்டையில் அவர் பெயருக்குக் கீழே 'உடன் வந்தவர்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஆய்வாளர்களோடு வரும் கணவன், மனைவிக்கு அப்படித்தான் போடுவார்களாம். அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார். சாப்பாட்டுக் கூடத்தைச் சுற்றிலும் ஆளுயரச் சுவரொட்டிகள். நாய் ஈரலில் கட்டி, ஆட்டுக் குடலில் புழு, எல்லாம் பளிச்சென்று வண்ணத்தில். அவற்றுக்கு முன்னால் நின்றபடியே ஜனங்கள் வறுத்த மீனை வெளுத்துக் கட்டினார்கள். அப்பா தயிர்சாதத்தோடு எழுந்துவிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் பேராசிரியை எங்களைத் தனியே அழைத்துப்போய் மைக்ரோஸ்கோப்பில் அந்தப் புழுவைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத அளவு. சாயமேற்றிய ரோஜா நிறத்தில், வாலில் குட்டிக் கொக்கிகளோடு கண்ணாடித் தகட்டில் கிடந்தது. கிழங்கான் செவுளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதற்கு அந்தக் கொக்கிகள். அப்பா வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் அருவருப்பு இல்லை. ஒத்துக்கொண்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

பேராசிரியை தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "சார், இதுல ஒரு விஷயம் இருக்கு. எங்க துறையில ஒரு மரபு. ஒருத்தர் பேரை வைக்கிறோம்னா, அந்த இனத்தை அறிவிக்கிற கட்டுரையை எழுதினவங்கள்ல அவங்க இருக்கக்கூடாது. தனக்குத் தானே பேர் வெச்சுக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"அப்ப எழுதினவங்கள்ல வசு பேரு?"

"எடுத்துடுவோம் சார். ஆனா புழுவோட பேர்ல அவ எப்பவும் இருப்பா. எங்க சங்கமே இல்லாமப் போனாலும் அந்தப் பேரு இருக்கும்."

"கண்டுபிடிச்சது யாரு?"

"வசுதான் சார்."

"அது எங்க இருக்கும்?"

"கடைசில நன்றின்னு ஒரு பகுதி வரும். அதுல எழுதுவோம்."

அப்பா அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அவ என்ன பேரு வெச்சிருந்தா?" என்று கேட்டார். ஊர்ப் பெயரைத்தான், சதுரங்கப்பட்டினத்தை வைத்துத்தான், தன் ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள் என்றார் பேராசிரியை.

"அதையே வைங்கம்மா. அவ தேடிக் கண்டுபிடிச்சவ. கண்டுபிடிச்சவளாவே இருக்கட்டும்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வெளியே வந்து சண்டை போட்டேன். சாயங்காலம் மேடையில் அவள் பெயரைச் சொல்வார்கள், நூற்றுக்கணக்கான பேர் எழுந்து கைதட்டுவார்கள், ஒரு மரபுக்காக யாராவது இதை விடுவார்களா, இப்போது ஒன்றுமே இல்லாமல் ஆக்கிவிட்டீர்களே என்று கத்தினேன். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து போய்விட்டார்.

அன்று மாலை விழாவில் யார் யாருக்கோ சால்வை போர்த்தினார்கள். மூத்த உறுப்பினர்களுக்குக் கேடயம், இளம் ஆய்வாளர்களுக்குச் சான்றிதழ். எங்கள் வசுவின் பெயரை யாரும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைதட்டிவிட்டு வந்தோம். அறைக்குப் போனதும் அப்பா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டார். அந்தச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று நினைத்திருப்பார். கேட்டது. நான் சண்டை போட்டது சரி என்று அப்போதும் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது, அதுதான் கஷ்டம்.

வழி, செலவு விவரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீதியை எழுதியபின் எனக்கு அதெல்லாம் எழுத வராது. இரண்டு பேருக்கு பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. விடுதியில் தங்கினால் கட்டுப்படியாகாது. பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள தெருக்களில் ஆயிரத்து இருநூறுக்குச் சுத்தமான அறை கிடைக்கிறது, நாங்கள் அங்கேதான் தங்கினோம். சதுரங்கப்பட்டினத்துக்குக் காலை எட்டுக்கு முன்னால் போய்விடுங்கள், வெயில் ஏறினால் நிற்க முடியாது. மாநாட்டு அரங்கில் குளிர் அதிகம், வயதானவர்களோடு போனால் ஒரு துண்டு எடுத்துப்போங்கள். உங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் பாதியில் ஆய்வை விட்டுப் போயிருந்து, யாராவது இப்படி மரியாதை செய்கிறோம் என்று கூப்பிட்டால், கட்டுரையில் அவர் பெயர் இருக்குமா, எந்த இடத்தில் இருக்கும் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, அந்தப் புழுவைப் பற்றிய கட்டுரை. பேராசிரியை எழுதியவர்கள் பட்டியலை இரவோடு இரவாக மாற்றி, வசுவின் பெயரை முதலில் போட்டுவிட்டார். மாற்றிய நிகழ்ச்சி நிரலை அரங்கக் கதவில் ஒட்டியிருந்தார்கள். அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் வடக்கிலிருந்து வந்த பெரியவர். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கட்டுரையின் முதல் பெயர் யாருடையதோ அவரையே பேச அழைப்பது அங்கே வழக்கம். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்து, மைக்கில், வசுமதி மேடைக்கு வரவும் என்று ஆங்கிலத்தில் அழைத்தார்.

மேடைப் படியில் கால் வைத்திருந்த பேராசிரியை அப்படியே நின்றுவிட்டார். பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும், இன்னும் சத்தமாக, "வசுமதி! அரங்கில் இருக்கிறாரா?" என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தேநீர் வரிசையில் மாட்டிக்கொண்டு தாமதமாக ஓடிவரும் ஒரு பெண்ணை எதிர்பார்த்துத்தான் பார்த்தார்கள். அவ்வளவு பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

பக்கத்தில் அப்பா எழுந்து நின்றார். "அவ வரலைங்க. நான் அவளோட அப்பா" என்று தமிழிலேயே சொன்னார். உடனே எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. நான் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.