காக்கா தோள் கொடுத்த நாள்

"படிச்ச வாய்ல ரகசியம் தங்குமா?" என்று உம்மா கேட்டாள்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். என் காக்காவை, அதாவது அண்ணனை, ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸியில் கூட்டிவந்து எங்கள் ஒற்றை அறையில் படுக்கவைத்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. உம்மா கதவைச் சாத்தினாள். எதிர்வீட்டு ரேடியோ சத்தத்துக்கும் கீழே குரலைத் தாழ்த்திக்கொண்டு, காக்காவுக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்று வெளியே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, லீவில் வந்திருக்கிறான் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றாள். வாப்பா தலையாட்டினார். அவர் வாயைப் பற்றி உம்மாவுக்குக் கவலை கிடையாது. கவலையெல்லாம் என் வாயைப் பற்றி.

எனக்கு ரோஷம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாராவியில் முனிசிபல் பள்ளியில் படித்து, பிறகு தினமும் ரயில்வே பாலத்தை ஏறி இறங்கி மாட்டுங்காவுக்குப் போய் எஸ்.எஸ்.சி. முடித்தவள். ரேஷன் கடையில் எங்கள் வீட்டுக்காகக் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். அப்படிப்பட்டவளைப் பார்த்து இந்தக் கேள்வியா?

"தங்கும்" என்றேன்.

தங்கியது. இன்று வரை எனக்கு ஆறாத வருத்தமும் அதுதான்.

காக்கா பட்டாளத்தில் பாலம் போடும் பிரிவில் இருந்தார். ஆற்றின் குறுக்கே இரும்புப் பாலத்தைத் துண்டு துண்டாகக் கொண்டுபோய் மாட்டும் வேலை. ஒரு துண்டைத் தூக்க ஆறு பேர் வேண்டும். ஆறு பேரும் ஒரே மூச்சில் எழும்ப வேண்டும், ஒரே மூச்சில் இறக்க வேண்டும் என்று லீவில் வரும்போதெல்லாம் சொல்லுவார். சின்ன வயதிலேயே வாப்பாவோடு தோல் கிட்டங்கியில், அந்தத் தோல் கிடங்கில், உப்பு அள்ளியவருக்கு அந்தப் பட்டாள வேலையில் இருந்த பெருமையை நான் யாரிடமும் கண்டதில்லை. தூக்கித் தூக்கித்தான் அவருக்கு அடிவயிற்றில் ஒரு பக்கம் குடல் இறங்கியது. முதலில் எலுமிச்சம்பழ அளவு புடைப்பு. படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்தால் வந்துவிடும். கொஞ்ச நாள் மறைத்துப் பார்த்திருக்கிறார். அணிவகுப்பில் ஒருநாள் வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று நானும் வாப்பாவும் போயிருந்தோம். டாக்டர் மேஜர் பதவியில் இருந்தவர். இங்கிலீஷும் ஹிந்தியும் கலந்து பேசினார். வாப்பாவுக்குப் புரியாததையெல்லாம் என்னைப் பார்த்துச் சொன்னார். உள்ளே தைத்திருக்கிறது. மேல்தோல் சீக்கிரம் ஆறிவிடும், அதை நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் சதை பிடித்துக்கொள்ள மூன்று மாதம் ஆகும். அதுவரை ஒரு சொம்புத் தண்ணீருக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. இருமினாலும் தும்மினாலும் தலையணையைக் காயத்தோடு அணைத்துக்கொள்ள வேண்டும். லீவு முடிந்ததும் மெடிக்கல் போர்டு இருக்கும். பழையபடி தகுதி என்று அவர்கள் எழுதினால்தான் காக்கா தன் பிரிவுக்குத் திரும்பலாம். இல்லையென்றால் ஸ்டோரில் சாமான் எடுத்துக்கொடுக்கும் வேலை. அதுவும் இல்லையென்றால் வீடு.

"ஸ்டோருக்குப் போறதுக்கு நான் கிட்டங்கிக்கே போயிருவேன்" என்று டாக்ஸியில் வரும்போது காக்கா சொன்னார்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று படிப்பவர்கள் கேட்கலாம். காக்காவுக்குக் குர்லாவில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் வாப்பா எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். தகரப் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தார். எங்கள் சனத்தின் பேச்சில் குடலிறக்கமும் விரை வீங்கும் ஓதமும் எல்லாம் ஒன்றுதான். இடுப்புக்குக் கீழே கத்தி வைத்தார்கள் என்று தெரிந்தால், இவனுக்குப் பிள்ளை பிறக்குமா என்றுதான் அடுத்த கேள்வி வரும். உம்மா பயந்தது அதற்குத்தான். அவளுடைய பயம் வெறும் பயமும் இல்லை. பக்கத்துச் சந்தில் அப்படி ஒரு நிக்காஹ் நின்றுபோனதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம்.

ஒரே அறையில் ஒரு நோயாளியை மறைப்பது சுலபமில்லை. மிளகாய் கிள்ளித் தாளித்தால் கமறல் ஏறி காக்கா இருமுவார். இருமும்போதெல்லாம் தலையணையைப் பிடித்துக்கொண்டு முகம் வெளுத்துப்போவார். அதனால் உம்மா தாளிப்பதையே விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு மாமிக்கு அது பொறுக்கவில்லை.

"என்ன மைனி, ஒங்க வீட்டு அடுப்புல சத்தத்தையே காணும்? பட்டாளத்துல மொளகா திங்கக் கூடாதுன்னு சட்டமா?" என்று கேட்டாள். மகனுக்கு அங்கத்திய சாப்பாடு பழகிவிட்டது என்று உம்மா சமாளித்தாள்.

கக்கூஸுக்குப் போவது இன்னொரு பாடு. தண்ணீர் டப்பாவைக் காக்கா தூக்கக் கூடாது. வாப்பா இரண்டு கையிலும் இரண்டு டப்பாவோடு முன்னால் போவார். காக்கா கையை வீசிக்கொண்டு பின்னால் போவார். "பெரியவருக்கு ரெண்டு டப்பா வேண்டியிருக்குல்லா" என்று வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்களாம். வாப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். அந்த நாட்களில் நாங்களும் வீட்டுக்குள் நிறையச் சிரித்தோம். சிரிக்கவைக்காதீங்க, தையல் போயிரும் என்று காக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவார். காயம் நன்றாகவே ஆறி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மாஹிம் கிரீக் ஓடைக்கரை வரை நடந்துவிட்டு வர ஆரம்பித்தார்.

மழை பிடித்த முதல் வாரத்தில் பக்கத்து வீட்டுச் சாச்சா மௌத்தாகிவிட்டார். மிளகாய் பற்றிக் கேட்ட மாமியின் புருஷன். வாப்பாவோடு ஒரே கிட்டங்கியில் தோலுக்கு உப்புப் போட்டவர். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. சின்ன வயதில் காக்கா பாதி நாள் தூங்கியது அவர்கள் வீட்டில்தான்.

சந்தூக்கு வந்தது. மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, கிடத்தித் தூக்கிப்போகும் அந்தப் பெட்டியைச் சுமப்பது எங்களில் ஆண்பிள்ளைகளுக்குக் கடமை. கடமை மட்டுமல்ல, ஆசையும்கூட. நன்மை கிடைக்கும் என்று ஒவ்வொருவரும் நாலு எட்டு தோள் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு விடுவார்கள். அகலமான ரோட்டில் பார்த்தால் கூட்டத்தின் தலைக்கு மேல் அது தானாக மிதந்து போவது போலிருக்கும். யாருக்கும் பாரம் தெரியாது. ஆனால் எங்கள் சந்தில் அப்படி மாற்ற முடியாது. இரண்டு பக்கமும் தகரச் சுவர், நடுவில் சாக்கடை, அதன் மேல் பலகை. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், அவ்வளவுதான் இடம். வாசலில் தூக்கியவர்களே மெயின் ரோடு வரை தூக்கியாக வேண்டும். அதனால் எங்கள் சந்தில் முதலில் தூக்குவதற்கு நெருங்கினவர்களை, திடமானவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

"பட்டாளத்தான் எங்க? சந்தூக்கு முன்கால் அவனுக்குத்தான். சாச்சாவுக்குப் புள்ள மாதிரில்லா" என்று பள்ளிவாசல்காரர் ஒருவர் கூப்பிட்டார்.

நான் எங்கள் வாசலில் பெண்களோடு நின்றிருந்தேன். காக்கா வாப்பாவைப் பார்த்தார். வாப்பாவுக்குப் பக்கத்தில் குர்லாவிலிருந்து வந்திருந்த பெண்ணின் வாப்பா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வாப்பா தரையைப் பார்த்தார். உம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். மையித்து எழும்பும் நேரத்தில் பெண்கள் குரல் கொடுப்பது எங்களில் வழக்கமில்லை. அன்று உம்மா பிடிக்காமல் இருந்திருந்தாலும் எனக்கு வாய் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

காக்கா குனிந்து தோளைக் கொடுத்தார். பாலத் துண்டைத் தூக்குவது போலவே மற்ற மூவரையும் கண்ணால் பார்த்து, ஒரே மூச்சில் எழும்பினார்.

சந்தின் முக்கில் பின்னால் வந்தவரின் கால் பலகையிலிருந்து வழுக்கிச் சாக்கடையில் இறங்கியது. சந்தூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காக்கா காலை அகட்டி ஊன்றி அத்தனை பாரத்தையும் தன் பக்கம் வாங்கிக்கொண்டார். சந்தூக்கு நிமிர்ந்தது. மையித்து அசையவில்லை. பட்டாளத்தான் இல்லாவிட்டால் இன்று என்ன ஆகியிருக்கும் என்று சந்து முழுக்க அதே பேச்சு. மாமி அழுதுகொண்டே உம்மாவின் கையைப் பிடித்து, "ஒம் மவன் எங்க ஆள கீழ விடல" என்றாள்.

அடக்கம் முடிந்து அஸர் தொழுகைக்குப் பிறகு காக்கா வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றவில்லை, கால் கழுவவில்லை. அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "மறுபடி எறங்கிட்டு" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்ன தூக்கினாய் என்று கேட்டார். காக்கா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் இங்கிலீஷில் சொன்னேன். என் இங்கிலீஷ் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். தைத்த இடத்திலேயே மறுபடி தைப்பது கஷ்டம், பழைய காயம் முழுசாக அடங்க வேண்டும், அதற்குப் பல மாதம் ஆகும் என்றார். போர்டில் காக்காவின் தகுதியைக் குறைத்துவிட்டார்கள். அவருடைய பிரிவுக்குப் பதிலாகப் பம்பாயிலேயே ஒரு டிப்போவில் போட்டார்கள். போர்வையும் பூட்ஸும் எடுத்துக்கொடுக்கும் வேலை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் பாகிஸ்தான் எல்லையில் சண்டை மூண்டது. எங்கள் சந்திலும் விளக்குக்குக் கறுப்புக் காகிதம் சுற்றினோம். காக்காவின் பிரிவு வடக்கே போய்விட்டது. அவர் தினமும் டிப்போவிலிருந்து வந்து, எதிர்வீட்டு ரேடியோவுக்குக் கீழே நின்று செய்தி கேட்பார். ஒருநாள் ரேஷன் வரிசையில், எங்களைத் தெரிந்த ஒருவன் ஹிந்தியில், உங்கள் பட்டாளத்து ஃபௌஜி இன்னும் இங்கேதான் இருக்கிறாரா என்று என்னிடம் கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் அந்த நாட்களில் எங்களைப் போன்ற முஸ்லிம் பெயருள்ளவர்களிடம் அந்தக் கேள்விக்குப் பின்னால், நீங்கள் யார் பக்கம் என்ற இன்னொரு கேள்வியும் இருந்தது. காரணத்தைச் சொன்னால் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். அதையும் நான் சொல்லவில்லை. பையை நீட்டிக் கோதுமையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

காக்காவிடம் அதைச் சொல்லவில்லை. அவரிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். ஒரு சாயங்காலம் செய்தி முடிந்தபின் அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"ஒரு துண்டுக்கு ஆறு பேர் வேணும். என் எடத்துல இப்ப யாரு நிக்கான்னு தெரியலியே."

மறுநாள் பேப்பரை வாங்கி, அவர் பிரிவின் பேர் எங்காவது வந்திருக்கிறதா என்று வரி வரியாகத் தேடினேன்.

சண்டை நின்றுவிட்டது. இப்போது இரண்டாவது ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இந்தத் தடவை நன்றாகக் கூடினாலும் பாலம் தூக்கும் வேலைக்கு அவரைத் திரும்ப அனுப்ப மாட்டார்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். உம்மா மறுபடி கதவைச் சாத்தினாள். நிக்காஹை ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போட்டாயிற்று, டூட்டிக்காக வெளியூர் போயிருக்கிறான் என்று சொல்லிவிடுவோம் என்றாள்.

நான் காக்காவைப் பார்த்தேன். "சொல்லிரட்டுமா காக்கா?" என்று கேட்டேன்.

"சொல்லு" என்றார். "இனி மறைச்சு எதக் காப்பாத்த?"

நேற்று நான் தனியாகக் குர்லாவுக்குப் போனேன். பட்டறையில் தகரம் அடிக்கும் சத்தம். பெண்ணின் வாப்பா என்னைப் பார்த்ததும் ஆட்களை நிறுத்தச் சொல்லி, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. முதல் ஆபரேஷனிலிருந்து சந்தின் முக்கு வரை எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். மாமா, உங்கள் இஷ்டம் எப்படியோ அப்படிச் செய்யுங்கள், ஆனால் வேறு யார் வாயிலிருந்தும் கேட்க வேண்டாம் என்றுதான் வந்தேன் என்றேன்.

அவர் கையிலிருந்த கத்தரியைத் தகரத்தின் மேல் வைத்தார். நிக்காஹைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அன்னிக்கு நான் ஒங்க வாப்பா பக்கத்துலயேதானம்மா நின்னேன்" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த முன்கால நான் புடிச்சிருப்பேனே. எனக்கும் தோள் இருக்குல்லா."

பிறகு எந்த ஆஸ்பத்திரி, என்றைக்கு என்று கேட்டுக்கொண்டார். ஸ்டேஷன் வரை கூட வந்தார். ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. இறங்கும்வரை முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு வந்தேன்.

இன்று காலை குழாயடியில் வழக்கம்போல் கூட்டம். மாமி எனக்கு முன்னால் நின்றாள். காக்கா ஏன் இப்போதெல்லாம் முகம் வாடியே இருக்கிறான் என்று கேட்டாள். நான் அவள் காதில் சொல்லவில்லை. வரிசையில் கடைசியில் நின்றவளுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"காக்காவுக்குக் குடல் எறக்கம் மாமி. ரெண்டாவது ஆபரேஷன் நடக்கப்போவுது. இனிமே கனமா எதையும் தூக்க அவங்களக் கூப்புடாதீங்க."

மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சந்தின் முக்கில் சாய்ந்த சந்தூக்கைத்தான் நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். என் முறை வந்தது. குடத்தை நிரப்பி, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, உம்மா நிற்கும் வாசலைப் பார்த்து நடந்தேன்.