நமத்துப்போன புஸ்வாணமும் வருமான வரி நோட்டீஸும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிவகாசியில் சீசன் வேலை இன்னும் சூடுபிடிக்காத ஒரு மாசி மாதத்து மத்தியானம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்வது என் தொழில். வீட்டு முன் அறையில் ஒரு கம்ப்யூட்டர். நானே முதலாளி, நானே வேலைக்காரி. அந்தக் கம்ப்யூட்டரில்தான் வருமான வரித் துறையின் நோட்டீஸ் வந்து நின்றது. என் கணக்கில் ஏறிய பெருந்தொகைக்கு ஏன் வரி கட்டவில்லை என்று கேட்டிருந்தார்கள்.

பெருந்தொகையா, எனக்கா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆடிட்டர் விவரம் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

சிவகாசியில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புரியும். வருடம் முழுக்க எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் தீபாவளி நெருங்கினால் பாசமாகப் போன் போடும். “கம்பெனி விலையில நாலு பெட்டி வாங்கி அனுப்பு தாயி.” நானும் பெருமைக்குத் தலையாட்டுவேன். பணத்தை என் கணக்கில் போடுவார்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையுமே என்று எல்லாவற்றையும் என் பெயரிலேயே பில் போட்டு, லோடு ஏற்றி அனுப்பிவிடுவேன். பத்து பைசா லாபம் வைத்ததில்லை.

“நீங்க லாபம் வைக்கலங்கிறது உங்களுக்குத் தெரியும்மா. அவுகளுக்கு எப்படித் தெரியும்? பில்லும் உங்க பேரு, கணக்கும் உங்க பேரு” என்றார் ஆடிட்டர். பணம் அனுப்பியவர்கள் ஒவ்வொருவரும் ‘இது பட்டாசுக்குக் கொடுத்தது’ என்று எழுதிக் கொடுத்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால் என் வருமானமாகவே எடுத்துக்கொள்வார்களாம். அப்படி எடுத்துக்கொண்டால், மகளை நர்சிங் சேர்க்க வைத்திருந்த சேமிப்பு அப்படியே போய்விடும்.

சொந்தங்களுக்குப் போன் போட்டேன். வரி என்ற சொல்லைக் கேட்டதுமே பாசம் பறந்துவிட்டது. “எங்க பேரை எதுக்கு இதுல இழுக்கே?” என்று ஒரு சித்தப்பா போனை வைத்தவர்தான், அப்புறம் எடுக்கவே இல்லை. ஒன்றிரண்டு பேர் எழுதித் தந்தார்கள், அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது காரியாபட்டி அக்கா. உறவு இல்லை, போனில் மட்டும் பழக்கம்; அங்கே தையல் கடை வைத்திருப்பவர். தெருவில் பட்டாசுச் சீட்டுப் பிடித்து, சேர்ந்த பணத்தை மாதாமாதம் எனக்கு அனுப்பியவர். பாதிக்கு மேல் அவர் பணம்தான். அதுவும் சம்பளம் மாதிரி மாதம் தவறாமல் ஏறியிருந்தது. ஆனால் முந்தின தீபாவளிக்கு நான் அனுப்பிய புஸ்வாணம் நமத்துப்போய், தெருவே அவரை ஏசியிருக்கிறது. அவர் என்னைக் கேட்டார். நான் ஊர்ப் பெருமையில், “எங்க சரக்கு நமக்காது, நீங்க மழையில வச்சிருப்பீக” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதோடு பேச்சு நின்றது.

வேறு வழியில்லை. வெட்கத்தை விட்டுப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். தையல் மெஷின் சத்தம் நிற்கவே இல்லை. அதற்கு நடுவே, “என்னன்னு எழுதணும்?” என்று கேட்டார். சொன்னேன். வைத்துவிட்டார். நம்பிக்கை வரவில்லை.

அடுத்த வாரம் வெயிலில் வியர்த்துப்போய் வாசலில் நின்றார் ஒரு அம்மா. குரலை வைத்துத்தான் யாரென்று தெரிந்தது. அதுவரை நான் அவரைப் பார்த்ததே இல்லை. தெருவில் சீட்டுக் கட்டிய அத்தனை வீட்டிலும் ஏறி இறங்கி, ஆளுக்கொரு கடிதம் எழுதி வாங்கி, பஸ் ஏறி வந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“எம்மேல கோவம் இல்லையாக்கா?”

“கோவம் இருக்கத்தான் செய்யுது. அதுக்காக, நீ தின்னாத காசுக்கு நீ வரி கட்டணுமாக்கும்?” என்றவர், “தண்ணி குடு, நாக்கு வறளுது” என்றார்.

அந்தக் கடிதங்களை வருமான வரி ஆபீசில் ஏற்றுக்கொண்டார்கள். எழுதித் தராத சொந்தங்கள் போட்ட சொச்சத்துக்கும், என் டிசைன் வருமானத்துக்கும் உரிய வரியைக் கட்டினேன். மகள் நர்சிங் சேர்ந்தாள்.

அடுத்த தீபாவளிக்குப் புஸ்வாணப் பெட்டிகளோடு நானே காரியாபட்டிக்குப் போனேன். தெருவுக்கெல்லாம் என் செலவு. அக்கா உடனே வாங்கிக்கொள்ளவில்லை. ஒன்றை எடுத்துத் தெரு நடுவில் வைத்துப் பற்றவைத்தார். வீட்டு உயரத்துக்குப் பூத்து அடங்கும்வரை இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “இது பரவால்ல. அன்னைக்கு அனுப்புனது நமத்ததுதான்” என்றார். “ஆமாக்கா, நமத்ததுதான்” என்றேன்.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் பணத்தைக் கடைக்கே நேராக அனுப்பச் சொல்லிவிடுகிறேன். வரி கட்டும் மாதம் வந்தால் இன்றும் கணக்கை இரண்டு தடவை சரிபார்க்கிறேன். யார் மீதாவது கோபம் வரும்போதெல்லாம், என்மேல் இருந்த கோபத்தைக் கொஞ்சமும் குறைக்காமலே எனக்காக வெயிலில் வந்து நின்ற அந்த அக்காவை நினைத்து, அந்த அளவுக்காவது நியாயமாக இருக்கப் பார்க்கிறேன்.