உப்பு லாரிக்குச் சிவப்புப் பூச்சு

இன்று திண்டிவனம் பட்டறையில் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

எங்கள் லாரி மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றுகிற வண்டி. துருவைச் சுரண்டியதில் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வெறும் இரும்பாக நின்றது. பெயிண்டர் ஒரு வாளி பழைய என்ஜின் ஆயிலோடு வந்தார்.

"இதத் தடவிட்டு மேல கருப்பு அடிச்சா, ஆயுத பூஜைக்கு ஜம்முனு இருக்கும்மா. எல்லா லாரிக்கும் இதான்."

"எண்ணெ மேல பெயிண்டு ஒட்டுமாங்க? போன வருசம் அடிச்சது பொங்கலுக்குள்ள தோல் தோலா உரிஞ்சிகினு வந்துச்சு. பெட்ரோல்ல தொடச்சி, துரு புடிக்காம இருக்க அந்தச் செவப்பு பிரைமர், ரெட் லெட், ரெண்டு கை அடிங்க. கருப்பு அப்புறம்."

"அது காயவே நாலு நாளாவும். பூஜையில வண்டி செவப்பா நின்னா ஊரே சிரிக்கும். ஏம்மா பேஜாரு பண்றே? அடியில எவன் குனிஞ்சி பாக்கப் போறான்?"

"உப்பு பாக்கும்" என்று சொல்லி, பிரஷை நானே கையில் எடுத்தேன்.

நாளை மறுநாள் பூஜை. எல்லா வண்டியும் கருப்பாக மின்னும். எங்களுடையது மட்டும் அடியில் செக்கச்செவேலென்று நிற்கும். சிரிக்க நினைப்பவர்கள் தாராளமாக வரலாம். வருமுன் உங்கள் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு வாருங்கள்.