மதிலில் வைத்த பூ

லண்டன் குட்மேய்ஸில் பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும், உகண்டாக்காரி நகாட்டோவின் கையால் மங்கலம் எதையும் வாங்கியதில்லை. நகாட்டோ கேக் கொண்டுவந்தால் மதிலில் வைக்கச் சொல்லுவாள். பிறகு குப்பையில் போடுவாள். விரதக்காரி, கண்டவர் கை பட்டதைத் தின்ன ஏலாதாம். வேலையிடத்தில் வெள்ளைக்காரிகள் நீட்டும் கேக்கை மட்டும் கைநீட்டி வாங்கித் தின்பாள்.

அந்த ஆவணி ஏகாதசிக்கு மறுநாள் விரதம் முடிக்கும் பாறணைக்கு அகத்திக்கீரை வேண்டும். வெம்பிளித் தமிழ்க் கடைகளிலும் இல்லை. நகாட்டோ செடி வளர்க்கும் கண்ணாடிக் கூட்டுக்குள் அகத்திக்கு இனமான செடியொன்று மஞ்சளாய்ப் பூத்திருந்தது. அவருடைய ஊரில் ஆற்றங்கரையில் தானாய் முளைப்பது, பூவைச் சமைப்பார்களாம்.

"கீரை இல்லாட்டிப் பூவெண்டாலும் காணும், போய்க் கேளுமப்பா" என்றார் கணவர்.

கேட்டாள். நகாட்டோ இருந்த பூவெல்லாம் ஆய்ந்து பையில் கொண்டுவந்தார். மங்கலம் இரண்டு கையையும் நீட்டினாள். அவரோ பையை மதிலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"கை கழுவிவிட்டுத்தான் பறித்தேன். உங்கள் சாமிக்கு எங்கள் கை ஆகாதில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் கேலி இல்லை, மரியாதைதான் இருந்தது.

அது சாமி சொன்னதில்லை என்பது மங்கலத்துக்குத் தெரியும். நீட்டிய கையாலேயே மதிலிலிருந்து பையை எடுத்தாள்.